கிழக்கு கேலரியின் மழை ஆட்கள்

ஸ்டென்ரூட், தெற்கு டகோட்டா
செப்டம்பர் 8, 1986

ஆர்டிஸ் அக்காவுக்கு,

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாதே, இரண்டு பக்கம் படித்துவிட்டுப் போடு. தொலைபேசியில் கூப்பிடலாம் என்று நாலு தடவை பாதி எண் வரை சுழற்றினேன். நீ எடுப்பாய், நான் கத்துவேன், நீ பட்டென்று வைப்பாய். போன முறை அப்படித்தானே முடிந்தது. அதனால் எழுதுகிறேன்.

கல்லூரியில் ஃபுட்பாலை நிறுத்தப் போகிறார்கள்.

புதிதாக ஃபென்விக் என்று ஒரு முதல்வர் வந்திருக்கிறார். கிழக்கிலிருந்து வந்தவர், ஷூவில் ஒரு துளி சேறு கிடையாது. போன வாரம் கூப்பிட்டார். "டெல்மர், ஸ்டேடியத்துல டிக்கெட் விக்கிற பொறுப்பு உங்களோடது. போன வருஷம் ஆட்டத்துக்கு சராசரி ஆறாயிரம் பேர் வந்ததா உங்க ரிப்போர்ட் சொல்லுது. ஆறாயிரம் பேர் வந்தும் வருமானம் ஏன் இப்படி இருக்கு?" என்றார். நிறைய இலவச டிக்கெட் சார் என்று உளறினேன். "சரி, இந்த சீசன் அஞ்சு ஆட்டம் நம்ம ஊர்ல. சராசரி நாலாயிரம் பேர் காசு குடுத்து வரட்டும். நான் ஒண்ணும் பெருசா கேக்கலையே? இல்லேன்னா கடைசி ஆட்டம் முடிஞ்ச கையோட நிர்வாகக் குழு கூடி மூடிடும்" என்றார். எண்ணுவதற்கு வங்கியிலிருந்து ஆள். வாசலில் நின்று ஒவ்வொரு தலைக்கும் கையில் இருக்கும் கருவியை ஒரு தரம் அழுத்துவார்கள். நம் எண்ணிக்கை செல்லாது.

எழுபத்தொரு விளையாட்டுக்காரர்கள் அக்கா. பாதிப் பேர் இந்த உதவித்தொகை இல்லாவிட்டால் பன்றிப் பண்ணைக்குத் திரும்பிப் போக வேண்டியவர்கள். அப்புறம் கோச் குன்னர். அப்புறம் நான். ஐம்பத்திரண்டு வயதில் என்னை யார் வேலைக்கு எடுப்பார்கள்?

சனிக்கிழமை முதல் ஆட்டம் முடிந்தது. வந்தவர்கள் 1,140. பத்தொன்பது வருடம் டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்தவள் நீ. மக்கள் ஏன் வருவதில்லை என்று உனக்குத் தெரியும். கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சொல்.

டெல்மர்


நியூபெரி துறை, ஆரிகன்
செப்டம்பர் 12, 1986

டெல்மர்,

கோபத்தை ஒரு பக்கம் வைக்கச் சொல்கிறாய். வைக்கிறேன், ஆனால் எங்கே வைத்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். மூன்று வருடம் முன்பு, அலுவலகத்தில் அத்தனை பேர் முன்னிலையில், "போதும் டெல்மர், இனி உண்மையான எண்ணைச் சொல்" என்றேன். நீ என்ன சொன்னாய்? "ஆரம்பிச்சதே நீதானே அக்கா?" அது உண்மை. அதனால்தான் அன்று மாலையே பெட்டி கட்டினேன்.

எழுபத்தைந்தில் அந்த ஆலங்கட்டி மழை ஆட்டம். வந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. நம் பையன்கள் பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு சேற்றில் புரண்டு ஜெயித்தார்கள். பத்திரிகைக்குக் கொடுக்கும் தாளில் இருநூறு என்று எழுதக் கை வரவில்லை. மழை இல்லாவிட்டால் வந்திருப்பார்கள்தானே என்று இரண்டாயிரம் சேர்த்தேன். அடுத்த வாரம் நல்ல வெயில். அன்றும் நீ கண்ணடித்துக் கேட்டாய், "மழை ஆளுங்க இன்னிக்கு எத்தனை பேர்க்கா?" நானும் சிரித்துக்கொண்டே சேர்த்தேன். நான் இருந்த எட்டு வருடமும், பிறகு நீ தனியாக மூன்று வருடமும் அப்படியே வளர்த்தோம். இப்போது அந்தப் பொய்யையே அளவுகோலாக வைத்து உன்னை அளக்கிறார் உன் முதல்வர்.

சரி, வேலைக்கு வருவோம்.

ஒன்று. சனிக்கிழமை மதியம் சோயா அறுவடை நடக்கும். ஒரு விவசாயி இயந்திரத்தை விட்டு இறங்கி உன் ஆட்டத்தைப் பார்க்க வரமாட்டான். அவன் மனைவி வருவாள், அவளுக்கு ஒரு காரணம் இருந்தால். காரணம் சாப்பாடு. எவாஞ்சலின் ஓப்டாலிடம் போ. தேவாலயப் பெண்கள் சில்லிக் கறிக்குழம்பும் இலவங்கப்பட்டை இனிப்பு ரோலும் வாசலில் விற்கட்டும், காசு அவர்கள் கூரைக்கே போகட்டும். அவள் ரோலுக்காக மூன்று மாவட்டம் தாண்டி வருவார்கள்.

இரண்டு. சுற்றுவட்டத்தில் ஒன்பது உயர்நிலைப் பள்ளி. ஒவ்வொன்றிலும் ஒரு பேண்டு வாத்தியக் குழு. அத்தனையையும் ஒரே நாளில் கூப்பிடு. ஊதுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பா, அம்மா, சித்தி, பக்கத்து வீடு. பிள்ளைக்கு டிக்கெட் இலவசம், மற்ற எல்லோரும் காசு கொடுத்து வருவார்கள்.

மேற்கு கேலரி 3,500 பேருக்குத்தான் காணும். மிச்சப் பேரை எங்கே உட்கார வைப்பாய் என்று யோசித்தாயா?

ஆர்டிஸ்


ஸ்டென்ரூட்
அக்டோபர் 6, 1986

அக்கா, என் தங்கமே,

நீ இங்கே இருந்திருந்தால் தூக்கிச் சுற்றியிருப்பேன், உன் இடுப்பு வலியையும் பார்க்காமல்.

எவாஞ்சலின் முதலில் முறைத்தாள். "உங்க அக்காவ ஊர விட்டுத் துரத்திட்டு இப்ப ரோலு கேட்டு வந்தியாக்கும்?" அக்கா சொல்லித்தான் வந்தேன் என்றதும் மாவு பிசைய ஆரம்பித்தாள். இரண்டாவது ஆட்டத்துக்கு 2,900 பேர். முந்தாநாள் மூன்றாவது ஆட்டத்துக்கு 3,800! மேற்கு கேலரி நிரம்பி, முந்நூறு பேர் புல்மேட்டில் கம்பளம் விரித்து உட்கார்ந்தார்கள். ஆட்டம் தோற்றோம். யாருக்குக் கவலை? இடைவேளைக்கு முன்பே ரோல் தீர்ந்துவிட்டது.

ஆனால் கணக்குப் போட்டுப் பார். மூன்று ஆட்டத்துக்கும் சேர்த்து 7,840. மொத்தம் இருபதாயிரம் வேண்டும். நவம்பர் எட்டாம் தேதி கடைசி ஆட்டம், பனி கொட்டும், நாலாயிரம் பேர் வந்தாலே பெரிது. ஆகவே அக்டோபர் 25-இல் எட்டாயிரம் பேரைக் கொண்டுவந்தாக வேண்டும்.

அன்று எதிரி ரெட்பட் கல்லூரி. ஒன்பது பேண்டும் அன்றைக்குத்தான். அதோடு நானே ஒன்று யோசித்தேன், கேள்: 'பூட்ஸ் சனிக்கிழமை'. எல்லோரும் வயல் பூட்ஸ் போட்டு வர வேண்டும். ரெட்பட் கையில் பந்து இருக்கும்போதெல்லாம் கேலரி முழுக்கச் சேர்ந்து காலால் உதைக்க வேண்டும். டம், டம், டம்! அவர்கள் ஆட்டக்காரனுக்கு ஹெல்மெட்டுக்குள் தன் குரலே கேட்கக் கூடாது. வானொலிக்காரன் தினமும் சொல்கிறான். பூட்ஸ் விற்கிற கடைக்காரன் விளம்பரத்துக்குக் காசு கொடுத்துவிட்டான்.

நீ கேட்டாயே, எங்கே உட்கார வைப்பாய் என்று. கிழக்கு கேலரியைத் திறக்கிறோம். கயிற்றை அவிழ்த்து, புறா எச்சத்தைக் கழுவி, பலகைக்குப் பச்சை வண்ணம் அடித்தாயிற்று. பேண்டுகள் எல்லாம் அதன் வடக்கு முனையில், மேலே. என் டார்லாவும் அங்கேதான். உன் மருமகள் இப்போது டிராம்போன் ஊதுகிறாள், வீட்டில் நாய் தங்குவதில்லை.

டெல்மர்


நியூபெரி துறை
அக்டோபர் 9, 1986

டெல்மர்,

உன் கடிதம் வந்த உடனே தொலைபேசியில் கூப்பிட்டேன். நான் "கிழக்கு" என்று ஆரம்பித்ததும் "உனக்கு எதிலயும் ஒரு குறை வேணுமே" என்று வைத்துவிட்டாய். எழுத்தை அப்படி வைத்துவிட முடியாது. படி.

கிழக்கு கேலரியில் ஆட்கள் உட்கார்ந்து நீ எப்போது பார்த்தாய்? மதிய வெயில் நேரே கண்ணில் அடிக்கும் என்று யாரும் அங்கே போவதில்லை. எழுபத்து மூன்றிலோ நான்கிலோ கயிறு கட்டினோம். எழுபத்தொன்பதில், மறுபடி திறக்கலாமா என்று பேச்சு வந்தபோது, இருக்கை எண் எழுத நான் மேலே ஏறினேன், உனக்கு நினைவிருக்காது. பத்தாவது வரிசையில் பலகை என் கீழே அசைந்தது. எட்டிப் பார்த்தேன். குறுக்குக் கம்பியைப் பிடித்திருக்கும் தகடு, புறா எச்சம் ஊறி ஊறி, ரொட்டி போல உதிர்ந்துகொண்டிருந்தது. பாதி எண்ணோடு இறங்கிவிட்டேன். அது ஏழு வருடத்துக்கு முன்பு.

அதன்மேல் நாலாயிரம் பேரை ஏற்றி, ஒரே தாளத்தில் குதிக்கச் சொல்லப் போகிறாயா? வண்ணம் அடித்தால் இரும்பு கெட்டியாகிவிடுமா?

யாராவது பார்த்தார்களா? பொறியாளர் யாராவது? எப்படிப் பார்த்தார்? மேலே ஏறினாரா, அடியில் குனிந்தாரா? எனக்கு அது தெரிய வேண்டும். உன் கடிதம் வந்ததிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

ஆர்டிஸ்


ஸ்டென்ரூட்
அக்டோபர் 13, 1986

அக்கா,

மூன்று வருடமாக ஊரிலேயே இல்லை, இரும்பைப் பற்றி எனக்குப் பாடம். நீ யோசனை சொன்னாய், நான் செய்தேன், ஜெயித்துக்கொண்டிருக்கிறேன். அது உனக்குப் பொறுக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். நான் மரம் ஏறினால் கீழே நின்று "விழப் போறே, விழப் போறே" என்பாய். ஒரு தடவை விழுந்ததே அந்தச் சத்தத்தில்தான்.

நான் மடையன் இல்லை. காப்பீட்டுக்காரர்களின் பொறியாளர் ஆகஸ்டிலேயே வந்துவிட்டுப் போனார். அவர் கொடுத்த கடிதத்தை அப்படியே நகல் எடுத்து எழுதுகிறேன், நீயே பார்:

"மைதானத்தின் பதிவேடுகளைப் பரிசீலித்தோம். கடந்த பதினோரு ஆண்டுகளில் சராசரி வருகை 6,000. மேற்கு கேலரியின் கொள்ளளவு 3,500. எனவே கிழக்கு கேலரி ஒவ்வோர் ஆட்டத்திலும் சுமார் 2,500 பார்வையாளர்களை எவ்விதக் குறையுமின்றித் தாங்கி வந்துள்ளது தெளிவாகிறது. இந்த நீண்ட பயன்பாட்டைக் கருத்தில் கொண்டு தனியே எடைச் சோதனை தேவையில்லை எனக் கருதுகிறோம்."

கையெழுத்து, முத்திரை, எல்லாம் இருக்கிறது. போதுமா? இனி நிம்மதியாகச் சாப்பிடு.

6,400 டிக்கெட் இதுவரை விற்றாயிற்று.

டெல்மர்


நியூபெரி துறை
அக்டோபர் 16, 1986

டெல்மர், தம்பி,

அந்தக் கடிதத்தை மறுபடி படி. கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து, மெதுவாகப் படி.

ஆட்டத்துக்கு 2,500 பேரைத் தாங்கி வந்ததாம். யார் அந்த 2,500 பேர்? பேர் சொல்லு பார்ப்போம். ஒருத்தர் முகத்தையாவது சொல்லு.

நான்தான் டெல்மர். நானும் நீயும்தான். அவர்கள் நம் மழை ஆட்கள். நான் பேனாவால் உட்கார வைத்த ஆட்கள். அந்த மனிதர் பதிவேட்டைப் பார்த்திருக்கிறார், கேலரியைப் பார்க்கவே இல்லை. இல்லாதவர்கள் பதினோரு வருடம் உட்கார்ந்ததை வைத்து, இருக்கிறவர்களை உட்காரச் சொல்லிவிட்டார். எண்பத்து மூன்று வரை அவர் பார்த்த ஒவ்வொரு தாளிலும் கீழே என் கையெழுத்து இருக்கும். ஏ. டோலஃப்சன், ஏ. டோலஃப்சன் என்று வரிசையாக.

இதைப் படித்ததும் அஞ்சல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றேன். இவ்வளவு பயம் எனக்கு வந்ததே இல்லை, அம்மாவுக்கு வலிப்பு வந்த அன்றுகூட.

நீ முதல்வரிடம் போ. உண்மையைச் சொல். கேலரியை மூடு. நீ சொல்லாவிட்டால் நான் எழுதுவேன். நானும் தப்பிக்க மாட்டேன், எனக்குத் தெரியும். என் ஓய்வூதியம் அந்தக் கல்லூரியிலிருந்துதான் வருகிறது. அது போனால் இந்த வீட்டுக்கு வாடகை கிடையாது. அறுபத்தொரு வயதில் பேப்பரில் பேர் வரும். இருந்தாலும் எழுதுவேன்.

ஆர்டிஸ்


ஸ்டென்ரூட்
அக்டோபர் 19, 1986

அக்கா,

படித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, நீ சொன்ன மாதிரியே.

இன்று ஞாயிறு. தேவாலயம் முடிந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கேலரிக்கு அடியில் போனேன். வடக்கு முனையில் குனிந்து, அந்தத் தகட்டில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். கைப்பிடி வரைக்கும் போய்விட்டது. பக்கத்தில் இருந்ததிலும் அழுத்தினேன், அது போகவில்லை. நாலில் ஒன்று போகிறது. நாலில் ஒன்று என்றால் என்ன அர்த்தம்? தாங்குமா, தாங்காதா? நான் டிக்கெட் விற்கிறவன் அக்கா. எனக்கு எப்படித் தெரியும்?

நிமிர்ந்தால் குன்னர் நிற்கிறார். "என்னய்யா டெல்மர், புறா பிடிக்கிறியா?" என்று சிரித்தார். அப்புறம் என் தோளில் கை போட்டார். "எல்லாரும் என்னைத்தான் கோச்னு சொல்றாங்க. இந்த சீசன் ஜெயிச்சது நீதான்யா. பசங்க உன் பேரைச் சொல்லி ஜெபம் பண்றாங்க தெரியுமா?" நான் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டேன்.

இப்போது போய் என்ன சொல்ல? சார், ஆறாயிரம் என்பது பொய், அதை வைத்துத்தான் பொறியாளர் கையெழுத்துப் போட்டார், கேலரியை மூடுங்கள். சரி, மூடுவார். அதோடு ஃபுட்பாலையும் மூடுவார். பொய்யர்கள் நடத்தும் ஆட்டத்துக்கு இன்னொரு வருடம் யார் தருவார்கள்? அந்த எழுபத்தொரு பையன்களிடம் நான் எந்த முகத்தோடு போவேன்?

மேல் பத்து வரிசைக்கு மட்டும் கயிறு கட்டிவிடட்டுமா? உதைக்க வேண்டாம் என்று மைக்கில் சொல்லிவிடட்டுமா? ஆனால் அவர்கள் வருவதே உதைக்கத்தானே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. சனிக்கிழமை காலையில் டார்லாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே வைத்துவிடலாம் என்று நினைத்தேன். முகம் கழுவிக்கொண்டே நினைத்தேன். மற்ற பிள்ளைகள் அத்தனை பேரும் மேலே இருப்பார்கள், என் பிள்ளை மட்டும் போர்வைக்குள். நினைத்து முடித்த பிறகு கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை.

நீ எழுதாதே. என்னைக் கெஞ்ச வைக்காதே. நான் ஏதாவது செய்கிறேன். கொஞ்சம் பொறு.

டெல்மர்


விரைவுத் தபால்
நியூபெரி துறை
அக்டோபர் 22, 1986

டெல்மர்,

பொறுக்க முடியாது. காய்ச்சல் என்று நீ எழுதிய வரிக்குப் பிறகு நீ எதுவும் செய்யமாட்டாய் என்று புரிந்துவிட்டது. உன்னைத் திட்டவில்லை. உன் இடத்தில் நானும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

முதல்வருக்கு எழுதிவிட்டேன். மழை ஆட்கள், ஆலங்கட்டி ஆட்டம், எழுபத்தொன்பதில் நான் பார்த்த தகடு, உன் ஸ்க்ரூடிரைவர், எல்லாம் மூன்று பக்கத்தில். இதோடு சேர்த்து இன்றே விரைவுத் தபாலில் போடுகிறேன். வெள்ளிக்கிழமை அவர் மேஜையில் இருக்கும்.

அவர் படிப்பதற்கு முன் நீயே போய்ச் சொல்லிவிட்டால் உனக்கு நல்லது. என் மேல் பழியைப் போடு, எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆர்டிஸ்


ஸ்டென்ரூட்
அக்டோபர் 27, 1986

அக்கா,

ஆக, செய்துவிட்டாய்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை காலை கிடைத்தது. பகல் முழுக்க அறைக்குள் நடந்தேன். மூன்று தடவை முதல்வர் அறை வாசல் வரை போய்த் திரும்பினேன், கதவைத் தட்டக் கை எழவில்லை. நாலு மணிக்கு அவருடைய செயலாளர் கூப்பிட்டாள். "டெல்மர், கிழக்கு கேலரி விஷயமா ஐயா உங்கள உடனே வரச் சொன்னாரு." அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

மேஜையில் பிரித்த கடிதம் ஒன்று, மூன்று நாலு பக்கம் இருக்கும், கவிழ்த்து வைத்திருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் கொட்டிவிட்டேன். அடியிலிருந்து நுனி வரை. அவர் ஒன்றும் தெரியாதவர்போல முழித்தார் பார், நல்ல நடிகர். "என்ன சொல்றீங்க? யாருமே உக்காரலையா? பதினோரு வருஷமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பினார். "குழுவில உள்ளவங்க மனைவிமார் எல்லாம் அந்தப் பக்கம் உக்காரணும்னாங்க. முகத்துல வெயில் பட்டா குளிருக்கு இதமா இருக்குமாம்" என்றார்.

ஆறு மணிக்குள் கேலரியைச் சுற்றி வேலி. வானொலியில் நானே பேசினேன். காரணத்தையும் நானே சொல்ல வேண்டும் என்றார், சொன்னேன்.

சனிக்கிழமை ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள். விவசாயிகள் வைக்கோல் கட்டுகளை டிரெய்லரோடு ஓட்டிவந்து மைதானத்தின் இரண்டு முனையிலும் நிறுத்தி, அதன்மேல் குடும்பத்தோடு ஏறி உட்கார்ந்தார்கள். ஒன்பது பேண்டும் ஓட்டப் பாதையில் நின்றே வாசித்தன. ரெட்பட் கையில் பந்து வந்தபோது எல்லோரும் தரையை உதைத்தார்கள். மண்ணில் சத்தமே வரவில்லை, புழுதிதான் வந்தது. 31-6 தோற்றோம். வங்கிக்காரர் கருவியில் 7,600.

எவாஞ்சலின் என் தட்டில் ரோல் வைக்கவில்லை. குன்னர் என் பக்கம் திரும்பவில்லை. "நல்லா இருந்த கேலரிய மூடி ஊர் மானத்த வாங்கிட்டான்" என்று என் காதுபடவே பேசினார்கள். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

உன்மேல் கோபமா, நன்றியா, தெரியவில்லை. ஆனால் நீ தபாலில் போட்டிருக்காவிட்டால் நான் சொல்லியிருக்க மாட்டேன். அது மட்டும் நிச்சயம்.

டெல்மர்


ஸ்டென்ரூட்
நவம்பர் 12, 1986

அக்கா,

ஏன் பதில் இல்லை? ஓய்வூதியத்தில் கை வைத்துவிட்டார்களா? இங்கே உன் பேரை யாரும் எடுக்கவில்லை, அதுவே விசித்திரமாக இருக்கிறது. எல்லாப் பழியும் எனக்குத்தான். முதல்வர்கூட ஒரு வார்த்தை உன்னைப் பற்றிக் கேட்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் தலைநகரிலிருந்து வேறொரு பொறியாளர் வந்தார். மணல் நிரப்பிய பீப்பாய்களைக் கிழக்கு கேலரியில் வரிசையாக ஏற்றினார்கள். சரியாக 2,500 பேருடைய எடை. எட்டாம் தேதி கடைசி ஆட்டம் நடந்தபோது எதிரே வேலிக்குப் பின்னால் அந்தப் பீப்பாய்கள் உட்கார்ந்திருந்தன. "டெல்மரோட மழை ஆளுங்க கடைசியில வந்து சேந்துட்டாங்கடா, டிக்கெட் வாங்கினாங்களா கேளு" என்று ஊரே சிரித்தது. அந்த வேடிக்கையைப் பார்க்கவே பனியில் 4,700 பேர் வந்தார்கள். கூட்டிப் பார், இருபதாயிரம் தாண்டிவிட்டது. ஃபுட்பாலுக்கு இன்னும் ஒரு வருடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கொடுக்கவில்லை.

கேலரி அசையவில்லை அக்கா. ஐந்து நாள், ஒரு அங்குலம் அசையவில்லை. கடைத்தெருவில் நடக்க முடியவில்லை. "பாரு, கல்லு மாதிரி நிக்குது. டெல்மர் சும்மா கட்டின கதை" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைக்க ஆரம்பித்தேன். ஒன்றுமில்லாததற்காக வாழ்க்கையைத் தொலைத்துவிட்டேன் என்று.

நேற்று பீப்பாய்களை இறக்கினார்கள். தெற்கிலிருந்து ஆரம்பித்துக் கால்வாசி இறக்கியிருப்பார்கள். வடக்கு முனையில் மேல் வரிசையில் ஒரு பீப்பாய், பலகையில் பனி உறைந்திருந்ததோ என்னவோ, வழுக்கியது. தொப், தொப், தொப் என்று நாலு வரிசை இறங்கியது. ஒரே ஒரு பீப்பாய். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது தொப் விழுந்ததும் அந்த முனை முழுக்க மெதுவாகக் கீழே உட்கார்ந்தது. இரும்பு முறிந்த சத்தம் அப்புறம்தான் வந்தது. பீப்பாய்கள் எல்லாம் குழிக்குள் ஒன்றன்மேல் ஒன்று போய் விழுந்தன.

ஆட்கள் தெற்கு முனையில் இருந்தார்கள். ஒருவருக்கும் காயமில்லை.

எவாஞ்சலின் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குன்னர் வந்து என் கையைப் பிடித்தார். டார்லா பள்ளியிலிருந்து ஓடி வந்தாள். "அப்பா, அது நாங்க உக்கார இருந்த இடம்ப்பா" என்றாள். அந்தக் குரல் இன்னும் காதில் நிற்கிறது.

அவளிடம் சொன்னேன்: என்னைக் கும்பிடாதே, உன் அத்தையைக் கும்பிடு. அவள் தபால் போட்டிருக்காவிட்டால் அப்பா வாயைத் திறந்திருக்கவே மாட்டான் என்று. அவள் உனக்குத் தனியாக எழுதுவாள்.

எழுது அக்கா.

டெல்மர்


நியூபெரி துறை
நவம்பர் 17, 1986

டெல்மர்,

டார்லாவை எனக்கு எழுத வேண்டாம் என்று சொல். இதைப் படித்த பிறகு அவளிடம் என்ன சொல்வதென்று நீயே முடிவு செய்துகொள்.

இதோடு ஓர் உறை வைத்திருக்கிறேன். ஃபென்விக் பேர், கல்லூரி விலாசம், தபால்தலை எல்லாம் இருக்கிறது. தபால்தலையின் மேல் முத்திரை விழவில்லை. பார்த்துக்கொள்.

அன்று இரண்டு உறையையும் எடுத்துக்கொண்டுதான் அஞ்சலகம் போனேன். உன்னுடையதை ஜன்னலில் நீட்டினேன், வாங்கிக்கொண்டாள். "இன்னொண்ணு கையில வச்சிருக்கீங்களே மேடம்?" என்றாள். "இது வேற" என்றேன். அந்த இரண்டு வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. வாடகையை நினைத்தேன். பேப்பரில் என் பேரை நினைத்தேன். கைப்பையை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வியாழக்கிழமை மறுபடி போனேன், வாசலோடு திரும்பினேன். வெள்ளிக்கிழமை தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். சுழற்றவில்லை. சனிக்கிழமை அங்கே ஆட்டம் ஆரம்பிக்கிற நேரத்தில் போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தேன். நீ டார்லாவைப் படுக்க வைக்க நினைத்தாயே, அந்த மாதிரி.

முதல்வர் நடிக்கவில்லை டெல்மர். அவருக்கு ஒன்றுமே தெரியாது. அந்த அம்மாக்களுக்கு எங்கே இடம் போடுவது என்று கேட்கத்தான் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் மேஜையில் கவிழ்ந்திருந்தது யாருடைய கடிதமோ.

நான் சொல்லிவிட்டேன் என்று நம்பி நீ சொன்னாய். நீ எப்படியும் சொல்லிவிடுவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நான் சும்மா இருந்தேன். இருபத்தேழாம் தேதிக் கடிதம் வந்தபோதே எழுதியிருக்க வேண்டும். உன் நன்றி இனித்தது, அதனால் எழுதவில்லை. இப்போது அந்த நாலு தொப் சத்தத்தை நீ எழுதிய பிறகு, கண்ணை மூட முடியவில்லை.

ஃபென்விக்குக்கு இன்று புதிதாக ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டேன். ரசீது இதில் இருக்கிறது. என் வார்த்தையை நீ இனி நம்ப வேண்டியதில்லை, ரசீதை நம்பு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பேண்டுக்கு இடம் ஒதுக்கிய தாள் உன்னிடம் இருக்கும். அதில் டார்லாவுக்கு எந்த வரிசை என்று மட்டும் எனக்கு எழுதாதே.

ஆர்டிஸ்